கம்ப்யூட்டரும் தரகர்களும்

கம்ப்யூட்டர், இன்டர்நெட், செல்போன் என்று சொல்லப்படும் சாதனங்கள் உலகத்தில் எந்த உத்தேசத்தோடு உண்டாக்கப்பட்டன என்பதையும், அவை நம் ஊர்களில் இன்று எந்த நிலையில் இருந்து வருகின்றன என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துப் பார்த்தால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. எப்படியெனில், ஒரு மனிதனுக்கும் அவனுக்கு வேண்டிய சங்கதிக்கும் நடுவில் வேறு ஒருவனும் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகவே ஏற்பட்ட சாதனத்தை வைத்துக்கொண்டு, நம்மவர்கள் முன்னிருந்த தரகர்கள் போதாதென்று புதிதாக ஒரு தரகனையும் உண்டாக்கிக் கொண்டார்கள்.

சென்ற மாதம் நாம் ஒரு வேலையாகத் தாலுகா ஊர் ஒன்றுக்குப் போயிருந்த சமயத்தில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார நேர்ந்தது. அங்கே அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். கடைக்காரப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். பெரியவருக்கு வர வேண்டிய பணம் இரண்டு தவணையாக வரவில்லையாம். பையன் மேஜைக்கடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தான். அதில் ஊரில் பாதிப்பேருடைய பெயரும், ஆதார் நம்பரும், பாஸ்வேர்டும் பத்தி பத்தியாக எழுதியிருந்தன. பெரியவருடைய கணக்கைத் திறந்தவுடன் ஓ.டி.பி. என்கிற நம்பர் வந்தது. அதுவும் பையனுடைய செல்போனுக்கே வந்தது. ஏனென்றால் விண்ணப்பத்தில் எழுதியிருந்ததே அவனுடைய நம்பர்தான்.

“ஐயா, உங்களிடம் செல்போன் இருக்கிறதே, உங்கள் நம்பரைக் கொடுக்கக் கூடாதா?” என்று கேட்டோம். “நமக்கு அதெல்லாம் ஏறாதுங்க சாமி. தம்பி நல்ல புள்ள, எல்லாம் அவர் கையிலதான் இருக்கு” என்றார்.

அந்தப் பையன் கெட்டவன் என்று நாம் சொல்ல வரவில்லை. அவன் நாணயமானவனாகவே இருக்கலாம். ஆனால் ஒருவனுடைய சொத்து பத்திரமாக இருப்பதற்கு மற்றொருவனுடைய நல்ல குணத்தைத் தவிர வேறு பந்தோபஸ்து இல்லை என்றால், அது என்ன நிலைமை? நாளைக்கு அந்த நோட்டு தொலைந்து போனால் என்ன ஆகும்? பையன் கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? எல்லாவற்றிற்கும் மேலாக, தன்னுடைய பணத்தைத் தான் கேட்பதற்குத் துண்டு கக்கத்துக்குப் போவானேன் என்றுதான் நாம் கேட்கிறோம்.

இந்தச் சாதனத்தின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பாருங்கள். டிம் பெர்னர்ஸ்-லீ என்கிற இங்கிலாந்துக்காரர் ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள செர்ன் என்னும் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1989 இல், எந்த இடத்திலுள்ள தாளையும் எந்த இடத்திலிருப்பவரும் பார்க்கும்படியான ஒரு ஏற்பாட்டை எழுதிக் கொடுத்தார். அதுதான் ‘வெப்’ என்பது. 1993 ஏப்ரல் 30 ஆம் தேதி அந்த நிலையத்தார், இதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் உபயோகித்துக் கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்னார்தான் படிக்கலாம், இன்னார் காதில் விழக்கூடாது என்று அதில் ஒரு வரியும் கிடையாது. இப்படிப்பட்டதை நம் ஆட்கள் ஒரு நீள நோட்டுக்குள் அடக்கிவிட்டார்கள் என்றால், குற்றம் யந்திரத்தின் மேலா, நம் பயத்தின் மேலா?

“எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே” என்று சிலர் சொல்லக்கூடும். இது ஒரு காலத்தில் வாஸ்தவம். இப்போது வெறும் சாக்கு. தமிழில் தட்டச்சு செய்வதற்கென்று 1999 இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி ‘தமிழ் 99’ என்கிற விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்டாயிற்று. இடது கைப்பக்கம் உயிரெழுத்து, வலது கைப்பக்கம் மெய்யெழுத்து என்று அமைந்திருக்கிறது. அரிச்சுவடி தெரிந்தவன் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். செல்போனிலோ அதுகூட வேண்டியதில்லை. மைக் படத்தைத் தொட்டுவிட்டுத் தமிழில் பேசினால் அது தானே எழுதிக் கொள்கிறது. செட்டிங்ஸில் ‘மொழி’ என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் மெனு முழுதும் தமிழாகிவிடும். இதைச் செய்யத் தெரியாமல் எத்தனை வீட்டில் இங்கிலீஷ் போனை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா?

இனி “தொட்டால் கெட்டுவிடும்” என்கிற பயம். தையல் மெஷினை மிதிக்கிறவர்களும், பம்புசெட்டைப் பிரித்துப் பூட்டுகிறவர்களும்கூட இந்தக் கண்ணாடிப் பலகைக்கு முன்னால் நடுங்குகிறார்கள். பொத்தானைத் தப்பாக அழுத்துவதனால் கம்ப்யூட்டர் வெடித்துவிடாது. எழுதிக்கொண்டிருப்பது தப்பாகப் போனால் ‘கன்ட்ரோல்’ என்ற விசையை அழுத்திக்கொண்டு ‘இசட்’ எழுத்தைத் தட்டினால், கடைசியாகச் செய்தது இல்லாமற் போகும். மறுபடி தட்டினால் அதற்கு முந்தியதும் போகும். நீண்ட பக்கத்தில் நம் ஊர்ப் பெயரைத் தேட வேண்டுமானால் ‘கன்ட்ரோல்’ உடன் ‘எஃப்’. எடுத்து வேறிடத்தில் ஒட்ட வேண்டுமானால் ‘சி’யும் ‘வி’யும்.

இந்த வெட்டி ஒட்டும் வித்தையைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1970களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் லாரி டெஸ்லர், டிம் மோட் என்ற இருவர் இதைச் செய்தபோது, முதலில் புத்தகக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் கத்தரிக்கோலையும் பசையையும் வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்தார்கள். பிறகு அதைப்போலவே யந்திரத்தை நடக்கச் செய்தார்கள். அதாவது ஆளுக்குத் தகுந்தபடி யந்திரம் இருக்க வேண்டும், யந்திரத்துக்குத் தகுந்தபடி ஆள் இருக்கக்கூடாது என்பது அவர்கள் கட்சி. டெஸ்லர் 2020 இல் இறந்து போனார். ஒருவனுக்கு இந்த யந்திரம் விளங்கவில்லை என்றால், பெரும்பாலும் அதைச் செய்தவன் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தமே தவிர, இவனுக்கு மூளை இல்லை என்று அர்த்தமல்ல.

நிற்க. இப்போது பாஸ்வேர்ட் சங்கதிக்கு வருவோம். இதில்தான் உலகத்துப் படித்தவர்கள் எல்லோருமே பத்துப் பதினைந்து வருஷம் மூடநம்பிக்கையில் கிடந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

“பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து வேண்டும், ஒரு சின்ன எழுத்து வேண்டும், ஒரு எண் வேண்டும், ஒரு ஆச்சரியக்குறியோ நட்சத்திரக்குறியோ வேண்டும், மூன்று மாதத்துக்கொரு தரம் மாற்ற வேண்டும்” என்று பேங்கிலும் ஆபீசிலும் நம்மை வாட்டி வதைத்தார்களே, அந்த விதி எங்கிருந்து வந்தது? அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய நிலையத்தில் வேலை பார்த்த பில் பர் என்பவர் 2003 இல் எழுதிய ஒரு சிறு நூலிலிருந்து வந்தது. அதை எழுதும்போது அவருக்கு ஜனங்கள் உண்மையில் எப்படிப் பாஸ்வேர்ட் வைக்கிறார்கள் என்பதற்குப் போதிய கணக்கு கிடைக்கவில்லை. 1980களில் எழுதப்பட்ட ஒரு பழைய தாளை ஆதாரமாக வைத்துக்கொண்டுதான் எழுதினார். ஆனால் அச்சில் வந்துவிட்டது, அதிலும் சர்க்கார் அச்சில் வந்துவிட்டது என்பதற்காக, உலகமெங்கும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டவன் இல்லை. விளைவு என்ன? ஜனங்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1 என்று போட்டு, அதற்கப்பால் ஒரு ஆச்சரியக்குறி வைத்தார்கள். மூன்று மாதம் கழிந்ததும் 1 ஐ 2 ஆக்கினார்கள். திருடனுக்கும் இது தெரியும். 2017 இல் பில் பர் அவர்களே, தாம் அன்று எழுதியவற்றில் பெரும்பாகத்துக்காக இப்போது வருந்துவதாக ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். அதே வருஷத்தில் அந்த நிலையத்தாரும் விதியை மாற்றி, குறி வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், திருட்டுப் போனதென்று தெரிந்தாலொழிய மாற்றச் சொல்லவும் வேண்டாம், நீளம்தான் முக்கியம் என்று வெளியிட்டுவிட்டார்கள்.

எழுதினவரே தப்பு என்று சொன்ன பிறகும் நம் ஆபீஸ்கள் பலவற்றில் இன்னும் பழைய விதியே நடந்து வருகிறது. கேட்டால் “ரூல் அப்படி” என்கிறார்கள். ஆனாலும் அந்த நிலையத்தாரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆராய்ந்து பார்த்துத் தப்பென்று கண்டால் நூலைத் திருத்துகிறவர்கள் உலகத்தில் மிகவும் கொஞ்சம்.

நீளம் ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நான்கு எண் உள்ள பின் நம்பருக்கு மொத்தம் 10,000 விதம்தான் உண்டு. இங்கிலீஷ் சின்ன எழுத்து 26 இல் தாறுமாறாக 8 எழுத்து வைத்தால் ஏறக்குறைய 20,882 கோடி விதம். அடேயப்பா என்று தோன்றும். ஆனால் வினாடிக்கு 1,000 கோடி தடவை முயன்று பார்க்கிற யந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால் 21 வினாடியில் அத்தனையும் தீர்ந்து போகும். அதே எழுத்துகளில் 16 வைத்தால் அந்த யந்திரத்துக்கு 1 லட்சத்து 38 ஆயிரம் வருஷம் வேண்டும். ஒரு எழுத்து கூடினால் 26 மடங்கு கூடுகிறது. ஆச்சரியக்குறி செய்யாததை நீளம் செய்கிறது.

தாறுமாறான 16 எழுத்து யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று கேட்பீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து ஆறு தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து எழுதிக் கொள்ளுங்கள். அம்மி, ரயில், கொடுக்காப்புளி, தையல், புதன், உப்பு என்பதுபோல் இருந்தால் போதும். (அச்சில் வந்துவிட்டதால் இதையே வைத்துக் கொள்ளாதீர்கள்.) குழந்தை பெயர், பிறந்த தேதி, குலதெய்வத்தின் பெயர், அபிமான நடிகர் பெயர் இவை உதவா, உங்களைத் தெரிந்தவனுக்கெல்லாம் அவை தெரியும். எல்லாவற்றிலும் முக்கியம், பேங்குக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, மற்றதற்கு வேறொன்று என்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு கடைக்காரனுடைய கணக்குப் புத்தகம் திருட்டுப் போனால், அங்கே கிடைத்த பாஸ்வேர்டைத் திருடர்கள் பேங்கிலும் மெயிலிலும் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரே சாவியில் வீடு, களஞ்சியம், பெட்டி மூன்றும் திறந்தால் திருடனுக்கு எவ்வளவு சௌகரியம்!

எழுதி வைக்கக் கூடாது என்று சொல்வதையும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் நகையும் பத்திரமும் வைக்கிற இடத்தில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். வங்காளத்திலோ வெளிதேசத்திலோ உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. பிரவுசிங் கடை நோட்டில் இருப்பதைவிட உங்கள் அரிசிப்பானையில் இருப்பது ஆயிரம் மடங்கு மேல். பின் நம்பரை மட்டும் ஏ.டி.எம். கார்டோடு சேர்த்து வைக்காதீர்கள். பிறகு, மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் போய் அதைப் போட்டுக் கொள்ளுங்கள். பாஸ்வேர்ட் போனாலும் இரண்டாவது கதவு நிற்கும்.

யு.பி.ஐ. என்ற பணம் அனுப்பும் ஏற்பாடு 2016 இல் வந்தது. இன்று டீக்கடை முதல் சந்தைக் கீரைக்காரி வரை அந்தக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது; நல்லதுதான். ஆனால் இதில் மோசம் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு உண்மையைத் தெரிந்து கொள்ளாததால் மோசம் போகிறார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதே இல்லை. பின் நம்பர் என்பது கொடுப்பதற்கும், இருப்பைப் பார்ப்பதற்கும் மாத்திரமே. “உங்களுக்கு 5,000 ரூபாய் அனுப்புகிறேன், இந்த அட்டையை ஸ்கேன் செய்து பின்னைப் போடுங்கள்” என்று ஒருவன் சொன்னால், அவன் அனுப்பவில்லை, எடுக்கிறான். உங்கள் பைக்குள் பணம் போடுகிறவன் உங்கள் பெட்டிச் சாவியைக் கேட்பானா? அதுபோலவே ஓ.டி.பி. நம்பரைப் பேங்க்காரன் கேட்க மாட்டான். கேட்கிறவன் பேங்க்காரன் அல்ல. போனில் ஒருவன் சொல்கிறபடி ஏதோ ஒரு ‘ஆப்’பை இறக்கி, உங்கள் திரையை அவன் பார்க்கும்படி செய்துவிட்டால், பிறகு அவன் கேட்கவும் வேண்டியதில்லை.

இவையெல்லாம் ஆசையைக் காட்டி ஏமாற்றும் வகை. பயத்தைக் காட்டி ஏமாற்றுவது இதைவிடக் கொடியது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒரு அபூர்வமான பெயர் வைத்திருக்கிறார்கள். போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு ஒருவன் வீடியோ போனில் வருவான். பின்னால் சர்க்கார் முத்திரை தொங்கும். “உன் பெயருக்கு வந்த பார்சலில் கஞ்சா இருக்கிறது, கேமராவுக்கு முன்னாலிருந்து எழுந்திருக்கக் கூடாது, யாரிடமும் பேசக்கூடாது, பணத்தை இந்தக் கணக்கில் போட்டால் விசாரித்துத் திருப்பித் தருவோம்” என்பான். இதில் ஏமாறுகிறவர்கள் பட்டிக்காட்டார் மாத்திரமா? டாக்டர்களும், புரொபசர்களும், பென்ஷன் வாங்கும் பெரிய அதிகாரிகளும் அல்லவா நாள் கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்து லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள்! படிப்பு வேறு, தைரியம் வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே ரேடியோவில், டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அரசியல் சட்டத்தின் 22 ஆவது பிரிவின்படி, சாதாரணமாகக் கைதானவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். வீடியோ போனில் எந்த மாஜிஸ்திரேட் வந்தார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். உடுப்பைக் கண்டதும் எழுந்து நிற்கிற பழக்கத்தினால் கேட்கத் தோன்றவில்லை. இந்த மாதிரி போன் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வைத்துவிடுங்கள். வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னாலே அதில் பித்தலாட்டம் இருக்கிறது.

இன்டர்நெட் விலாசத்தைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. இதை ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தபால்காரர் கவரில் பெயரையா முதலில் பார்க்கிறார்? கடைசியில் எழுதியிருக்கும் ஊரைத்தான் பார்க்கிறார். அதுபோல், விலாசத்தில் முதல் ஒற்றைச் சாய்கோடு வருவதற்கு முன்னாலுள்ள பாகத்தைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். இந்திய சர்க்கார் இடமானால் பெரும்பாலும் ‘ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.’ என்று முடியும். தமிழ்நாட்டு சர்க்காரானால் பல இடங்களில் அதற்கு முன்னால் ‘டி.என்.’ என்று இருக்கும். பேங்குகளெல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க் புள்ளி ஐ.என்.’ என்று முடியும் விலாசத்துக்கு மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் உத்தரவு போட்டது. ஆகவே முன்னால் பேங்கின் பெயரை எழுதிவிட்டுக் கடைசியில் வேறு என்னவோ முடிந்தால், அது வேறு எவனுடைய வீடோதான். விலாசத்துக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நாணயமான இடம் என்றும் ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. போகிற வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். வழியின் கடைசியில் உட்கார்ந்திருப்பவன் யோக்கியன் என்று அர்த்தமல்ல. ஜனங்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்காகவே கூகிள்காரர்கள் 2023 இல் தங்கள் குரோமில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள்.

கூகிளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி முதலில் வருவதற்குப் போன் செய்யாதீர்கள். முதலில் வருவது பல சமயங்களில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். பேங்க் நம்பர் வேண்டுமானால் உங்கள் ஏ.டி.எம். கார்டின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது.

அடுத்தபடி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள். அந்தக் காலத்தில் 15 பைசா போஸ்ட் கார்டில் “இதைப் பத்துப் பேருக்கு எழுதினால் புதையல் கிடைக்கும், எழுதாவிட்டால் வீட்டில் சாவு விழும்” என்று வரும். கார்டு வாங்கக் காசு செலவாகுமே என்பதால் அந்த மடமைக்கு ஒரு வரம்பாவது இருந்தது. இப்போது காசும் இல்லை, கை வலியும் இல்லை. வாழைப்பழமும் முட்டையும் சேர்த்துத் தின்று செத்தவன், ஏதோ ஒரு கஷாயத்தில் புற்றுநோய் தீர்ந்தவள், நாசா விஞ்ஞானி கண்டு வியந்த கோயில் என்று காலையில் பல் விளக்குவதற்குள் பத்து வந்துவிடுகிறது. இவை வெறும் வேடிக்கை என்று விட்டுவிடலாமா? 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கத்தில், குலதெய்வம் கும்பிடப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று ஊரார் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் செத்தே போனார். அந்த நாட்களில் செல்போனுக்குச் செல்போன் பறந்துகொண்டிருந்த பிள்ளை பிடிப்புப் புரளிதான் அந்தக் கூட்டத்தின் கையில் கட்டையைக் கொடுத்தது. அனுப்பினவர்களில் ஒருவனாவது, இது எந்த ஊர், எந்தத் தேதி, எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதியிருக்கிறது என்று கேட்டானா? அந்த அம்மாள் சாவில் ‘ஃபார்வர்ட்’ பொத்தானைத் தட்டிய ஒவ்வொரு விரலுக்கும் பங்குண்டு என்றே சொல்லுவோம். அந்த வருஷத்தில் வாட்ஸ்அப் கம்பெனியார் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். பல தடவை கை மாறி வந்த செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைக் கண்டால் நம்புவதற்குக் காரணமல்ல, சந்தேகப்படுவதற்குக் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் வந்தால் ‘கூகிள் லென்ஸ்’ஸில் அந்தப் படத்தையே கொடுத்துத் தேடுங்கள். நேற்று நம் ஜில்லாவில் நடந்ததாக வந்த படம் ஏழு வருஷத்துக்கு முன் வேறு தேசத்தில் எடுத்தது என்று அநேக சமயங்களில் வெளியாகும்.

இப்போது யந்திரமே பேசுகிறது, எழுதுகிறது, படம் வரைகிறது. கேட்ட கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறது என்பதற்காக அதை அசரீரியாக ஆக்கிவிடாதீர்கள். தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லுவது அதற்கு இயல்பு. மகன் குரலில் “அப்பா, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பு” என்று போன் வந்தாலும், வைத்துவிட்டு மகனுடைய பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். குரலையும் நகல் எடுக்கும் காலம் இது.

‘அப்டேட்’ செய் என்று போனும் கம்ப்யூட்டரும் கேட்கும்போதெல்லாம் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2017 மே 12 ஆம் தேதி ‘வான்னாகிரை’ என்ற கேடு உலகத்தில் ஏறக்குறைய 150 தேசங்களில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் அந்த மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தார்கள். இரண்டு மாதம் தள்ளிப் போட்டவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். ‘விண்டோஸ் 10’ வைத்திருப்பவர்களுக்கு 2025 அக்டோபர் 14 ஓடு வழக்கமான இலவச மருந்து நின்றுபோயிற்று. அவர்கள் புதியதற்கு மாறுவதைப்பற்றி யோசிக்க வேண்டும். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, கற்பூரப் புகையும் விபூதியும் மின்விசிறி ஓட்டைக்குள் போகும்படி செய்துவிட்டு, அப்டேட்டை மாத்திரம் நாளைக்கென்று தள்ளுகிற ஆபீஸ்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நகல் வைத்துக்கொள்வதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1998 இல் அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனியார் ‘டாய் ஸ்டோரி 2’ என்ற பொம்மைப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு தப்பான கட்டளையால் படத்தின் பெரும்பாகம் அழிந்து போயிற்று. நகலை எடுத்துப் பார்த்தால் அது பல நாளாகவே சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தபடி வேலை பார்த்துவந்த ஒரு அம்மாளுடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. கோடிக்கணக்கான பணம் போட்ட கம்பெனியின் கதி இது. ஆகவே பட்டா, பள்ளிக்கூட சர்டிபிகேட், குழந்தைகள் படம் இவற்றுக்குப் போனில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறொரு வீட்டிலோ மெயிலிலோ ஒன்று என்று வையுங்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்று வருஷத்துக்கொரு தரமாவது பாருங்கள். ‘டிஜிலாக்கர்’ என்று 2015 இல் சர்க்கார் ஏற்படுத்திய பெட்டியில் வந்து சேரும் சர்டிபிகேட், லைசென்ஸ் இவை சட்டப்படி மூலத்துக்குச் சமம். ஆதார் நகல் கேட்கிறவர்களுக்கு, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி மறைத்த நகலைக் கொடுத்தால் பெரும்பாலான இடங்களில் போதும்.

மேலே சொன்னதெல்லாம் ஆண்களுக்கு. பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 2023 செப்டம்பர் 15 ஆம் தேதி தமிழ்நாட்டு சர்க்கார் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, பணம் பெண்ணின் கணக்குக்கே போக வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பேங்கில் கொடுத்த போன் நம்பர் யாருடையது? எத்தனையோ வீடுகளில் புருஷனுடையது, மைத்துனனுடையது, அல்லது பிரவுசிங் கடைக்காரனுடையது. பணம் வந்த செய்தி அவனுக்குப் போகிறது, ஓ.டி.பி. அவனுக்குப் போகிறது, ஏ.டி.எம். கார்டும் அவன் சட்டைப் பையில் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் மாத்திரம் அந்த அம்மாளுடைய பெயர் இருக்கிறது. “அவளுக்கு என்ன தெரியும்?” என்று கேட்கிற வீராதிவீரர்களை நாம் ஒன்று கேட்கிறோம். எத்தனை மணிக்கு எந்த அடுப்பில் எந்தத் தீ வேண்டும் என்று தெரிந்தவளுக்கு, நான்கு எண்ணைத் தட்டத் தெரியாதா? அவளுக்குத் தெரியாமலிருப்பது உங்களுக்கு சௌகரியம் என்று சொல்லிவிட்டுப் போங்களேன்! ஆகவே தாய்மார்களே, பேங்குக்கு நீங்களே போய் உங்கள் சொந்த நம்பரை எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரில் உங்களுக்குத் தெரியாமல் எத்தனை சிம் கார்டு வாங்கியிருக்கிறார்கள் என்பதை 2023 இல் ஏற்பட்ட ‘சஞ்சார் சாத்தி’ என்ற சர்க்கார் இடத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லலாம். போன் தொலைந்தால் அதைச் செயலற்றதாக்கவும் அங்கேயே வழியுண்டு. அதற்கு வேண்டிய பதினைந்து எண் உள்ள அடையாளம், போனில் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று தட்டினால் தெரியும். இன்றைக்கே தட்டி அந்த வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள். 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்யுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குத் தாவிக்கொண்டேயிருக்கும். தாவி முடிவதற்குள் சொன்னால் தடுத்து நிறுத்த இடமுண்டு. மறுநாள் நல்ல நேரம் பார்த்துச் சொன்னால் பிரயோஜனமில்லை.

அந்தப் பெரியவர் விஷயம். அன்றைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனோம். பாஸ்புக்கும் ஆதாரும் காட்டி, நம்பர் மாற்றும் பாரம் எழுதிக் கொடுத்தோம். முதல் நாள் அதிகாரி இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை அவர் தனியாகவே போய் முடித்துக்கொண்டாராம். போன வாரம் போனில் கூப்பிட்டார். பணம் வந்ததாகச் செய்தி தம் போனுக்கே வந்தது என்றும், அதை எழுத்துக் கூட்டித் தாமே படித்ததாகவும் சொன்னார். போட்டோ ஏற்றுவது மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. எட்டாவது படிக்கும் பேத்திதான் ஏற்றுகிறாளாம், தாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.